ரயில் பாதைக்கு அடியில் ஒரு பேய் வீடு

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டைச் சுற்றி ஒரு மண்கரை இருக்கிறது. அதன்மேல் நீராவி ரயில் ஓடுகிறது. வெளியே உள்ள ஊர் உள்ளே வருபவர்களின் கண்ணில் படக்கூடாது என்று எழுப்பிய கரை அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவே இடைஞ்சலாகிவிட்டது. புதிய சவாரிகளுக்குப் பெரிய கட்டடங்கள் தேவைப்பட்டன. கரைக்கு வெளியேதான் கட்ட முடியும். ஆட்களை ரயில் பாதைக்கு அடியில் கூட்டிப்போக வேண்டும்.

1967இல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' இதற்கு நீர்ச்சறுக்கைப் பயன்படுத்தியது. இருட்டில் அமைதியாகப் போகும் படகு சட்டென்று சறுக்கும். சற்றுத் தள்ளி மறுபடியும் சறுக்கும். எலும்புக்கூடுகள் கிடக்கும் குகைக்கு வந்து சேர்வோம். அதற்கப்புறம்தான் உயிரோடு இருக்கும் கொள்ளையர்களைப் பார்ப்போம். பள்ளத்தில் இறங்கியவர்கள் பழைய காலத்துக்குள்ளும் இறங்கிவிடுகிறார்கள்.

1969இல் திறந்த 'ஹான்டட் மேன்ஷன்' செய்தது இன்னும் அழகு. எண்கோண அறைக்குள் நம்மை நிறுத்திக் கதவை மூடுகிறார்கள். சுவர்கள் நீள்கின்றன. குடை பிடித்து நின்ற பெண்ணின் ஓவியமும் நீள, அவள் நிற்பது அறுந்துகொண்டிருக்கும் கயிற்றின்மேல் என்றும், கீழே முதலை வாய் பிளந்திருக்கிறது என்றும் தெரிகிறது. உண்மையில் நாம் நிற்பது ஒரு லிஃப்ட், தரைதான் இறங்குகிறது. 1971இல் ஃப்ளோரிடாவில் திறந்த இதே சவாரியின் மாளிகையில் கீழே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அந்த அறையை விட மனம் வராமல், அங்கே கூரையை மேலே ஏற்றினார்கள்.

இரண்டு சவாரிகளையும் வேறுபடுத்துவது வண்டி. படகில் இருப்பவர் எந்தப் பக்கமும் திரும்பலாம். இரவுச் சந்தைக்குள் நடப்பதுபோல, காதில் விழுந்தது வரைக்கும்தான் கதை. மேன்ஷனிலோ, முடிவில்லாத சங்கிலியில் வரும் சிப்பி வடிவ வண்டிகள் நம்மைத் திருப்புகின்றன. உயர்ந்த முதுகுப்பலகை முன்னால் போகிறவர்களை மறைத்துவிடும். எதை, எப்போது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை வண்டியே முடிவு செய்கிறது. சினிமா கேமராவின் வேலை.

நடன மண்டபத்தில் இதன் பலன் முழுதாகத் தெரியும். ஊடுருவித் தெரியும் ஆவிகள் அங்கே சுழன்று ஆடுகின்றன. லண்டனில் 1862இல் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றிப் பிரபலமாக்கிய உத்திதான் அது. நமக்கு முன்னால் பிரம்மாண்டமான கண்ணாடி. பொம்மைகள் நம் பார்வைக்கு எட்டாத இடத்தில். அவற்றின்மேல் விளக்கு விழும்போது பிம்பம் மண்டபத்துக்குள் தோன்றும், அணைந்தால் மறையும். பிம்பத்தில் இடம் வலம் மாறுவதால் ஆடும் ஜோடிகளில் பெண்தான் ஆணை நடத்திச் செல்வதுபோல் தெரியும். சரியான கோணத்திலிருந்து பார்த்தால் மட்டுமே பலிக்கும் வித்தை இது. அந்தக் கோணத்தை விட்டு நம்மை விலகவிடாமல் வண்டி பார்த்துக்கொள்கிறது.

வண்டியின் இந்த அதிகாரம் பின்னாளில் இன்னும் கூடியது. யுனிவர்சல் நிறுவனம் ஆர்லாண்டோவில் 2010இல் திறந்த ஹாரி பாட்டர் சவாரியில் தொழிற்சாலை ரோபோவின் கைதான் இருக்கையைச் சுமக்கிறது. புரட்டுகிறது, சாய்க்கிறது, திரைக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆனால் கதையின் உயிர் அதற்கு முன்பே, பேசும் ஓவியங்கள் தொங்கும் கோட்டை வழியே போகும் வரிசையில் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. கை எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், திரையில் ஓடும் படம் படமாகத்தான் இருக்கிறது.

மேன்ஷனின் முடிவில் வண்டி ஒரு கண்ணாடியைப் பார்த்துத் திரும்பும். உங்கள் பக்கத்தில் ஒரு பேய் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னால், உங்கள் வண்டியின் அதே வேகத்தில், அந்தப் பொம்மையும் நகர்ந்துகொண்டிருக்கிறது.