தரையில் நடந்த கடல் சண்டை!
இளம்பெண்ணிடம் 5 தடவை தோற்ற அட்மிரல்

தரையில் சாக்பீசால் கோடு போட்டு, குட்டிக் குட்டி மரக்கப்பல்களை நகர்த்தி ஆடிய ஓர் ஆட்டம், நடுக்கடலில் மாலுமிகளின் உயிரைக் காப்பாற்ற உதவியது என்றால் நம்ப முடிகிறதா? நடந்தது உண்மை.

ஆட்டத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் 20 வயதை ஒட்டிய இளம்பெண்கள். கப்பலில் போய்ச் சண்டை போட்டவர்கள் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம், முதல் உலகப்போரில் எதிரிக் கப்பலை மூழ்கடித்த அட்மிரல் ஒருவர் 5 தடவை மண்ணைக் கவ்வினார்!

இது பற்றிய விவரம் வருமாறு:-

இருட்டில் வந்த எமன்

இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம். பிரிட்டன் ஒரு தீவு. சாப்பாடு, பெட்ரோல், பீரங்கி எனப் பலவும் கப்பலில் வந்தாக வேண்டும். தனியாக வந்தால் ஆபத்து என்று 30, 40 சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டிக் கூட்டமாக வரும். சுற்றிலும் சில போர்க்கப்பல்கள் காவல் வரும்.

அப்படியும் ஜெர்மனி நீர்மூழ்கிகள் விடவில்லை. ராத்திரி நேரம் பார்த்து "டார்பிடோ" குண்டை ஏவும். கப்பல் இரண்டாகப் பிளக்கும். குளிர்ந்த கடலில் விழுந்தவன் பிழைப்பது அபூர்வம். அந்தப் போரில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகள் பலியானார்கள். அந்தக் கப்பல்களில் கரி அள்ளிப் போட்ட இந்திய மாலுமிகளும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

போர்க்காலத்தில் தன்னை நிஜமாகவே பயமுறுத்தியது இந்த நீர்மூழ்கிகள்தான் என்று பிரதமர் சர்ச்சில் பின்னாளில் எழுதினார்.

வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்

1942-ம் ஆண்டு ஜனவரி மாதம் கடற்படை ஒரு ஆளைக் கூப்பிட்டது. பெயர் கில்பர்ட் ராபர்ட்ஸ். காசநோய் காரணமாகப் போருக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதிகாரி. "இனி கப்பல் ஏற லாயக்கில்லை" என்று ஒதுக்கப்பட்டவர். ஆனால் பொம்மைக் கப்பல் ஆட்டத்தில் பழக்கம் உள்ளவர்.

லிவர்பூல் நகரில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டிடத்தின் மேல்மாடியில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். உதவிக்கு வந்தவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களை "ரென்" என்று கூப்பிடுவார்கள். அது ஒரு சின்னக் குருவியின் பெயரும்கூட.

பெரிய அறையின் தரையில் 10 அங்குலத்துக்கு ஒரு கோடு. ஒரு கட்டம் என்றால் ஒரு கடல் மைல். சுற்றிலும் படுதா. படுதாவில் சின்ன ஓட்டை. கப்பல் தலைவனாக ஆடுகிறவர் படுதாவுக்குப் பின்னால் இருந்து அந்த ஓட்டை வழியாகத்தான் பார்க்க வேண்டும். நிஜக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்.

அவர் தரும் உத்தரவுப்படி பெண்கள் கப்பலை நகர்த்துவார்கள். ஒரு நகர்த்தலுக்கு 2 நிமிடம்தான் அவகாசம். போர்க்கப்பல் போன தடத்தை வெள்ளை சாக்பீசால் வரைவார்கள். நீர்மூழ்கியின் தடம் மட்டும் பச்சை! பழுப்புத் தரையில் பச்சைக் கோடு ஓட்டையில் இருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பலே யோசனை!

ஆட்டம் முடிந்ததும் படுதாவை விலக்கிக் காட்டுவார்கள். "அடடா, பக்கத்திலேயே இருந்திருக்கிறானே!" என்று அப்போதுதான் விளங்கும்.

ஏன் இவ்வளவு சின்னது?

கப்பல் குட்டியாக இருந்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்றும் மேஜைப் போர் ஆட்டம் ஆடுகிறவர்களிடம் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. 28 மில்லிமீட்டர் உயர சிப்பாய் பொம்மை பார்க்க அழகு. சட்டைப் பித்தானுக்குக்கூட பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் அந்த அளவில் ஒரு கிலோ மீட்டர் தூரத்தைக் காட்ட 50 அடிக்கு மேல் இடம் வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது?

6 மில்லிமீட்டர் சிப்பாய் என்றால் 11 அடியில் வேலை முடிந்தது. முகம் தெரியாது. ஆனால் படை எப்படி வளைக்கிறது, எந்தப் பக்கம் ஓட்டை என்பது தெரியும். கடல் சண்டைக்காரர்கள் நிஜக் கப்பலில் 3 ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் இறங்கிவிடுகிறார்கள்.

ராபர்ட்சின் தரையில் இன்னும் மோசம். 5 மைல் அகலக் கப்பல் கூட்டம் சுமார் 4 அடியில் அடங்கிவிடும். அந்தக் கணக்குப்படி 130 மீட்டர் கப்பல் 2 சென்டி மீட்டர்கூட வராது. அங்கேதான் துப்பு கிடைத்தது.

உள்ளே புகுந்த திருடன்

கொலை வழக்கில் போலீசார் சாட்சிகளைக் குடைவதுபோல ராபர்ட்ஸ் பழைய சண்டை அறிக்கைகளைக் குடைந்தார். தரையில் மறுபடி ஆடிப் பார்த்தார். கணக்கு உதைத்தது.

நீர்மூழ்கி வெளியே நின்று சுடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். குண்டு வெடித்ததும் காவல் கப்பல்கள் வெளிப்பக்கம் பாயும். ஆனால் கூட்டத்தின் நடுவில் உள்ள கப்பல் எப்படி அடிபட்டது?

திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான்! ராத்திரியில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, யாரும் திரும்பிப் பார்க்காத பின்பக்கமாக வரிசைக்குள் நுழைந்து, சுட்டுவிட்டு மூழ்கிவிடுவான். கப்பல் கூட்டம் தலைக்கு மேல் கடந்து போகும். காவல்காரர்களோ வெளியே தேடிக்கொண்டு இருப்பார்கள்.

ராபர்ட்சும் பெண்களும் பதில் வித்தை கண்டுபிடித்தார்கள். குண்டு வெடித்ததும் காவல் கப்பல்கள் பின்பக்கம் போய் வரிசையாகச் சலிக்க வேண்டும். ஜீன் லெய்ட்லா என்ற பெண் அதற்கு "ராஸ்பெரி" என்று பெயர் வைத்தார். அது பழம் அல்ல. உதட்டைப் பிதுக்கி "புர்ர்" என்று ஒழுங்கு காட்டுவதற்கு இங்கிலாந்தில் அதுதான் பெயர். ஒழுங்கு காட்டியது ஹிட்லருக்கு!

அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் நீர்மூழ்கி விவகாரத்தில் கில்லாடி. 1914-ல் ஜெர்மனியின் "ஹேலா" கப்பலை மூழ்கடித்தவர். 1942 நவம்பரில் அந்தக் கடல் பகுதிக்குத் தலைவராக வந்த அவர், தானே நீர்மூழ்கித் தலைவனாக ஆடினார். 5 தடவை ஆடி, 5 தடவையும் சிக்கினார். ஆட்டத்தில் தில்லுமுல்லு என்று சந்தேகப்பட்டாராம். படுதாவுக்குப் பின்னால் எதிராளியாக இருந்தது ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்!

5 ஆயிரம் பேர்

போர் முடிவதற்குள் சுமார் 5 ஆயிரம் அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்தார்கள். 1943 மே மாதம் ஒரு கப்பல் கூட்டத்தை நீர்மூழ்கிகள் பெரும் கும்பலாகத் தாக்கின. 13 சரக்குக் கப்பல்கள் மூழ்கின. ஆனால் 6 நீர்மூழ்கிகளும் போய்விட்டன. அந்தச் சண்டையில் "ராஸ்பெரி" வித்தையும் கை கொடுத்தது. ரேடார், விமானம் எல்லாம் சேர்ந்து அடித்த அடியில், அதே மாதம் ஜெர்மனி தனது நீர்மூழ்கிகளை வட அட்லாண்டிக்கில் இருந்து விலக்கிக்கொண்டது.

போர் முடிந்ததும் ராபர்ட்ஸ் ஜெர்மனி போனார். நீர்மூழ்கித் தலைமையகத்தின் சுவரில் தன்னுடைய படம் பெரிதாக மாட்டி இருந்ததைப் பார்த்ததாகப் பின்னர் சொன்னார். கீழே "இவன்தான் உங்கள் எதிரி" என்ற பொருளில் எழுதி இருந்ததாம்.

டெர்பி ஹவுஸ் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்த போர்க்கால அறைகள் இப்போது மியூசியம். டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் போய்ப் பார்க்கலாம்.