கார் பாகம்: வீட்டில் செய்வதா, கம்பெனி பாகம் வாங்குவதா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்வோம், படம் பார்ப்போம், பாட்டுக் கேட்போம். அதே கம்ப்யூட்டரில் உங்கள் காருக்கு ஒரு சிறிய பாகத்தை வரைந்து, அதைப் பிளாஸ்டிக்கில் செய்து எடுக்கவும் முடியும். இதற்கான சாப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சரி, முடியும் என்பதற்காக எல்லாப் பாகங்களையும் நாமே செய்துகொள்ளலாமா? எதைச் செய்யலாம், எதைக் கம்பெனி பெயர் பார்த்து வாங்க வேண்டும் என்று இங்கு பார்ப்போம்.

பாகம் செய்வது இங்கு புதிதல்ல

நான் இருப்பது தண்டையார்பேட்டை. துறைமுகத்திற்குப் போய்வரும் லாரிகளை நம்பி இந்தப் பகுதியில் லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் பல உண்டு. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. அதே 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. தேய்ந்த புஷ்ஷைக் கையில் கொடுத்தால் அதே அளவில் கடைந்து கொடுப்பவர்கள் இங்கு பல ஆண்டுகளாக இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த லேத்காரர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "அளவு கொடுத்தா எதையும் கடைஞ்சு தரலாம் சார். ஆனா அது என்ன இரும்புன்னு முதல்ல கேக்கணும்." கம்ப்யூட்டரில் பாகம் செய்பவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

கம்ப்யூட்டரில் செய்வது எப்படி?

என் பழைய மாருதி 800-ல் சன்வைசரைத் தாங்கும் பிளாஸ்டிக் க்ளிப் உடைந்தது. அந்தக் காரின் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆகவே க்ளிப்பை நானே வரைந்தேன். அதே வழியில் நீங்களும் செய்யலாம்.

1. அளவெடுங்கள். ஸ்கேல் போதாது. வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அளவையும் மில்லிமீட்டரில் இரண்டு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வரையுங்கள். புதியவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் டிங்கர்கேட் எளிது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, பிரவுசரிலேயே இயங்கும். வளையம் ஒன்று வரைய வேண்டுமா? வலப்பக்கம் உள்ள வடிவங்களில் சிலிண்டரை இழுத்துவந்து நடுவில் வையுங்கள். அளவுகளை டைப் செய்யுங்கள். சற்றுச் சிறிய இன்னொரு சிலிண்டரை அதற்குள் வைத்து, 'ஹோல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் செலக்ட் செய்து கண்ட்ரோல், ஜி கீகளைச் சேர்த்து அழுத்தினால் துளையுடன் வளையம் தயார். பழகிய பின் இன்னும் துல்லியமாக வரைய ஃப்ரீகேட் என்ற இலவச சாப்ட்வேருக்கு மாறலாம்.

3. எஸ்டிஎல் பைலாகச் சேமியுங்கள். எக்ஸ்போர்ட் பட்டனைக் க்ளிக் செய்து எஸ்டிஎல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாகத்தின் மேற்பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக எழுதிவைக்கும் பைல் இது. இதில் மில்லிமீட்டரா, அங்குலமா என்ற குறிப்பு இருக்காது. எனவே பைலை யாரிடமாவது கொடுக்கும்போது "மில்லிமீட்டரில் உள்ளது" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாகம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ போய் நிற்கும்.

4. அடுக்குகளாக வெட்டுங்கள். க்யூரா, புரூசாஸ்லைசர் போன்ற இலவச சாப்ட்வேர்கள் பாகத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, பிரிண்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும். ஓர் அடுக்கு பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். துளைகள் வரைந்ததைவிடச் சற்றுச் சிறிதாக வரும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டு வரையுங்கள்.

5. பிரிண்ட் எடுங்கள். முப்பரிமாண பிரிண்டர் உங்களிடம் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. பைலைக் கொடுத்தால் பிரிண்ட் செய்து தரும் கடைகள் இருக்கின்றன.

பைலில் இல்லாத விஷயம்

இப்போது லேத்காரர் சொன்னதற்கு வருவோம். எஸ்டிஎல் பைலில் இருப்பது உருவம் மட்டுமே. என்ன பொருளில் செய்ய வேண்டும், எவ்வளவு சூட்டைத் தாங்க வேண்டும், எவ்வளவு பளுவைத் தாங்க வேண்டும் என்று எதுவும் அதில் இல்லை. கம்பெனி பாகத்திற்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உருவத்துக்கு அல்ல, இந்த விஷயங்களுக்குத்தான்.

முதலில் சூட்டைப் பாருங்கள். பிரிண்டர்களில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். பிஇடிஜி சுமார் 80 டிகிரி வரையும், ஏபிஎஸ் சுமார் 100 டிகிரி வரையும் தாங்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை எட்டுவதுண்டு. சென்னையின் மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் என் க்ளிப்பை ஏபிஎஸ்ஸில் செய்யச் சொன்னேன். இன்னொன்று, அடுக்குகள் ஒட்டும் இடம்தான் பிரிண்ட் பாகத்தின் பலவீனமான இடம். வலுவாக இழுத்தால் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 2025 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த ஒரு சிறிய விமானத்தின் இன்ஜின் சக்தி இழந்தது. விமானம் கீழே மோதியது. விமானி சிறு காயத்துடன் தப்பினார். விசாரணையில், இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் வளைந்த குழாய் சூட்டில் இளகி ஒடுங்கியிருந்தது தெரிந்தது. அது முப்பரிமாண பிரிண்டரில் செய்த பிளாஸ்டிக் குழாய். விமானக் கண்காட்சி ஒன்றில் வாங்கியது. கார்பன் இழை கலந்த ஏபிஎஸ், 105 டிகிரி தாங்கும் என்று வாங்கியவர் நம்பியிருந்தார். சோதித்துப் பார்த்தபோது, அது 54 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருள் என்று தெரிந்தது. உருவத்தில் குறையே இல்லை; பொருளில்தான் குறை. கார் இன்ஜினிலும் இதே போன்ற காற்றுக் குழாய் இருக்கிறது.

எதைச் செய்யலாம், எதை வாங்க வேண்டும்?

ஒரு கேள்வி போதும்: இந்தப் பாகம் ஓடும்போது உடைந்தால் என்ன ஆகும்?

"பார்க்க அசிங்கமாக இருக்கும், கடகடவென்று சத்தம் வரும்" என்பது பதிலானால் தாராளமாகச் செய்யுங்கள். சன்வைசர் க்ளிப், ஏசி குமிழ், சில்லறைத் தட்டு, ஒயர் பிடிக்கும் க்ளிப் போன்றவை இந்த வகை. தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடர், பத்மினி போன்ற கார்களை வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

"வண்டி நிற்காது, திரும்பாது, தீப்பிடிக்கும்" என்பது பதிலானால் தொடாதீர்கள். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சக்கரம், பெட்ரோல் குழாய், சீட் பெல்ட் ஆகியவற்றை நல்ல கம்பெனி பாகமாகவே வாங்குங்கள். ஏர்பேக் மூடியின் மேல் நீங்கள் செய்த எதையும் ஒட்டாதீர்கள். ஏர்பேக் விரியும்போது அது முகத்தில் வந்து அடிக்கும்.

வாங்கும்போது கவனிக்க

கம்பெனி பாகம் என்றால் கார் கம்பெனியின் பெட்டியில் வருவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் போன்றவை கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து தருகின்றன. தங்கள் பெயரிலும் கடைகளுக்கு விற்கின்றன. விலையை ஒப்பிட்டு வாங்கலாம்.

இதற்கும் உங்கள் கம்ப்யூட்டர் உதவும். பழைய பாகத்தில் அச்சான பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு, தயாரித்த கம்பெனியின் தளத்தில் தேடுங்கள். பெட்டி எப்படி இருக்கும், அதிகபட்ச விலை என்ன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளுக்குப் போனால் டூப்ளிகேட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, ஒட்டிக் கிழித்த சீல் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. பில் வாங்க மறக்காதீர்கள்.

முதல் முயற்சியாக உடைந்த ஒரு குமிழை எடுத்து அளந்து வரைந்து பாருங்கள். பிரிண்ட் கடைக்காரரிடம் பைலைக் கொடுக்கும் முன் "எந்தப் பிளாஸ்டிக், எத்தனை டிகிரி தாங்கும்?" என்று கேட்டுவிடுங்கள்.