ஒரு குருவிக்காக இருட்டில் இருந்த ஊர்!

கொடிக்கயிற்றில் கூடு, மீட்டர் பெட்டியில் முட்டை

மணவாளக்குறிச்சி,-

துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் ஒரு கூடு. கரண்டு மீட்டர் பெட்டிக்குள் ஒரு கூடு. கடை ஷட்டர் சுருளும் பெட்டிக்குள் இன்னொரு கூடு!

"இத்தனை மரம் நிக்கும்போது இந்தக் குருவிக்கு வேற இடமே கிடைக்கலியா?" என்று வீட்டுக்காரர்கள் தலையைச் சொறிகிறார்கள்.

மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூத்து புதிது அல்ல. ஆனால் குருவி இடம் தெரியாமல் அங்கே வருவது இல்லை. கணக்குப் போட்டுத்தான் வருகிறது.

மனிதனே காவல்காரன்

முட்டைக்கும் குஞ்சுக்கும் எமன் யார்? காக்கை, செம்போத்து, ஓணான், பாம்பு. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தை இவை அவ்வளவு சுலபமாக நெருங்காது. அதனால் சின்னக் குருவிகள் நம் வாசல்படி ஓரமே கூடு வைக்கின்றன. சம்பளம் இல்லாத காவல்காரன் நாம்தான்!

தேன்சிட்டின் கூடு பை போலத் தொங்கும். நாரையும் சருகையும் சிலந்தி நூலால் ஒட்டிக் கட்டும். அதற்குத் தேவை மெல்லிய பிடிமானம். கொடிக்கயிறும் பல்பு தொங்கும் வயரும் அதற்குக் கிளைதான்.

தையல்சிட்டு இலை ஓரத்தில் அலகால் துளை போட்டு, பஞ்சையும் நாரையும் கோத்துத் தைத்துவிடும். பெரிய மரம் வேண்டாம்; திண்ணையில் இருக்கும் தொட்டிச் செடியே போதும். புல்புல் என்கிற கொண்டைக்குருவியோ வராந்தா விளக்கின் தலையிலேயே குடித்தனம் நடத்தும்.

அடைக்கலாங்குருவி கதை வேறு. ஓட்டு வீட்டுக் கழுக்கோல் இடுக்கும், சுவரில் சாய்த்து மாட்டிய சாமி படத்தின் பின்புறமும் அதன் பழைய விலாசம். ஓட்டு வீடு போய் கான்கிரீட் வீடு வந்தது. பொந்து போனது. மிச்சம் இருப்பது மீட்டர் பெட்டி, ஷட்டர் பெட்டி, கடைப் பெயர்ப்பலகையின் முதுகுப்பக்கம். அடைக்கலம் கேட்கிற குருவி என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

அணைந்தது 35 விளக்கு

இப்படி அடைக்கலம் தேடி வந்த ஒரு குருவிக்கு ஊரே சேர்ந்து இடம் கொடுத்தது சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில். விவரம் வருமாறு:-

2020-ம் ஆண்டு, கொரோனா ஊரடங்கு நேரம். அந்த ஊரின் 35 தெருவிளக்குகளுக்கும் ஒரே சுவிட்ச் பெட்டி. அதற்குள் ஒரு கருஞ்சிட்டு கூடு கட்டி 3 முட்டை இட்டது. பக்கத்து வீட்டு மாணவர் ஒருவர் இதைப் பார்த்தார். தினமும் சுவிட்ச் போட்டு அணைத்தால் குருவி கலைந்துவிடும். உடனே ஊர் வாட்ஸ்-அப் குழுவில் படத்தோடு செய்தி போட்டார்.

"ஒரு குருவிக்காக ஊர் பூரா இருட்டில் கிடக்கிறதா?" என்று எதிர்ப்பும் வந்தது. நியாயமான கேள்விதான். ராத்திரியில் தெருவில் நடப்பவர்களுக்கு இருட்டு விளையாட்டு அல்ல. கடைசியில் ஊர் சம்மதித்தது, இணைப்பைத் துண்டித்தார்கள். டார்ச் விளக்கும் செல்போன் வெளிச்சமுமாக ஒரு மாதத்துக்கும் மேல் ஓட்டினார்கள். குஞ்சு பறந்த பிறகே விளக்கு எரிந்தது.

அதே 2020 ஆகஸ்டில் துபாய் பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தானின் மெர்சிடிஸ் காரில் ஒரு புறா கூடு வைத்தது. அவரும் காரைத் தொடவில்லை. சுற்றிலும் தடுப்புக் கட்டினார். இளவரசருக்கு வேறு கார் இருந்திருக்கும். பொத்தகுடிக்கு வேறு தெருவிளக்கு இல்லை!

நாம் என்ன செய்யலாம்?

கொடிக்கயிற்றில் கூடு இருந்தால் துணியை மறுகோடியில் போடுங்கள். மீட்டர் பெட்டிக்குள் இருந்தால் நீங்களே கைவிட வேண்டாம். மின்வாரிய ஆட்களிடம் சொல்லுங்கள். ஷட்டரை ஏற்றும் முன் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை.

காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் குலைப்பதை 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்றே கணக்கில் வைக்கிறது.

சட்டம் கிடக்கட்டும். தையல்சிட்டு அடைகாப்பது சுமார் 12 நாள். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். மொத்தம் ஒரு மாதம்கூட ஆகாது. வாடகை தராத குடித்தனக்காரர்தான். ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவதற்கு உங்கள் தோட்டத்துப் புழு பூச்சியைப் பொறுக்கித் தீர்க்கும். நோட்டீஸ் விடாமலே காலியும் செய்துவிடும்!