தாய் சொல்லைத் தட்டாத மகன்!

ஒரே ஒரு ஓட்டு! அது இந்தப் பக்கம் விழுந்தால் வெற்றி. அந்தப் பக்கம் விழுந்தால் தோல்வி.

அந்த ஓட்டு, 24 வயது வாலிபர் ஒருவர் கையில் இருந்தது. அவருடைய சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர், அவரைப் பெற்ற தாய்!

அந்த வாலிபரின் பெயர் ஹாரி பர்ன். அமெரிக்காவில் உள்ள டென்னசி மாநிலத்தின் சட்டசபை உறுப்பினர்.

ரெயில்வே ஊழியர்

ஹாரி, 1895-ம் ஆண்டு பிறந்தார். நயோட்டா என்ற சிற்றூர்தான் சொந்த ஊர். ரெயில்வேயில் வேலை பார்த்தார். 1918-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருக்கு வயது 22தான்.

தந்தை காலமாகிவிட்டார். தாயார் பெப் பர்ன் பண்ணையைக் கவனித்து வந்தார். பத்திரிகைகளை விடாமல் படிப்பார். பண்ணையில் வேலை செய்த ஆண்களுக்கு எல்லாத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. பண்ணையை நடத்திய அந்த அம்மாளுக்கு அந்த உரிமை இல்லை!

இன்னும் ஒரு மாநிலம்

நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வழங்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை, 1919-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் அது மட்டும் போதாது. அன்றிருந்த 48 மாநிலங்களில் 36 மாநிலங்கள் அதை ஏற்கவேண்டும். 35 மாநிலங்கள் ஏற்றுவிட்டன. இன்னும் ஒன்றே ஒன்று தேவை!

1920 ஆகஸ்டு மாதம் டென்னசி சட்டசபை கூடியது. ஆதரிப்பவர்கள் மஞ்சள் ரோஜா அணிந்தார்கள். எதிர்ப்பவர்கள் சிவப்பு ரோஜா அணிந்தார்கள். ஹாரி அணிந்திருந்தது சிவப்பு ரோஜா!

ஏன்? அவர் தொகுதியில் எதிர்ப்பு பலமாக இருந்தது. சில மாதங்களில் தேர்தல் வேறு வர இருந்தது.

கடிதம் சொன்னது என்ன?

ஆகஸ்டு 18-ந் தேதி. தீர்மானத்தை ஒத்திப்போட முயற்சி நடந்தது. இரு பக்கமும் 48 ஓட்டுகள். மீண்டும் எண்ணினார்கள். மீண்டும் 48-க்கு 48! இரண்டு தடவையும் ஹாரி எதிர்ப்பாளர்கள் பக்கமே நின்றார்.

பிறகு தீர்மானமே ஓட்டுக்கு வந்தது. ஹாரியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பையில் இருந்த கடிதம் 7 பக்கக் கடிதம். வீட்டுச் செய்திகளுக்கு நடுவே தாயார் ஒரு கட்டளையும் இட்டிருந்தார். "நல்ல பிள்ளையாக இரு, பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைக்க ஆதரவு கொடு" என்பதே அதன் சாரம்.

"சம்மதம்" என்றார், ஹாரி!

சபை திகைத்தது. 49 பேர் ஆதரவு. 47 பேர் எதிர்ப்பு. பெண்கள் ஜெயித்துவிட்டார்கள்!

லஞ்சப் பழி

எதிரிகள் சும்மா விடவில்லை. "லஞ்சம் வாங்கிவிட்டார்" என்று பழி சுமத்தினார்கள். ஹாரி அதை மறுத்தார். இது நியாயம் என்று நம்பியதாகவும், தாயின் புத்திமதியைக் கேட்பதே மகனுக்கு நல்லது என்றும் மறுநாள் விளக்கம் அளித்தார்.

திருத்தம் 1920 ஆகஸ்டு 26-ந் தேதி அமலுக்கு வந்தது. ஆனாலும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களைப் பல தந்திரங்களால் ஓட்டுச்சாவடிக்கு வரவிடாமல் தடுத்தார்கள். அந்தத் தடைகளை உடைக்க 1965-ல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது.

அந்த ஆண்டுத் தேர்தலில் ஹாரி தோற்றாரா? இல்லை. மீண்டும் ஜெயித்தார்! பின்னர் வக்கீலானார், பாங்கித் தொழிலும் நடத்தினார். மாநில மேல்சபையிலும் உறுப்பினராக இருந்தார். 1977-ல் காலமானார்.

2018-ம் ஆண்டு, டென்னசியில் உள்ள நாக்ஸ்வில் நகரில் ஹாரிக்குச் சிலை வைத்தார்கள். அவர் அங்கே தனியாக இல்லை. கடிதம் எழுதிய தாயும் கூடவே இருக்கிறார்!