காதைக் குத்தும் இசை

புதிதாக வாங்கிய ஒலிபெருக்கிகளை வரவேற்பறையில் பொருத்திவிட்டு, விருப்பமான பாடலைக் கேட்க அமர்கிறோம். கடையில் இனிமையாக ஒலித்த அதே கருவி, வீட்டில் வேறு விதமாக ஒலிக்கிறது. ‘ச’, ‘ஸ’ ஆகிய எழுத்துகள் வரும்போதெல்லாம் ஒரு சீறல் கேட்கிறது. தாளத்தின் ஓசை காதைக் குத்துகிறது. அரை மணி நேரத்தில் செவி களைத்துவிடுகிறது. இந்நிலையில், கருவியில்தான் குறை என்று எண்ணி, அதைவிட விலை உயர்ந்த ஒன்றை வாங்கச் செல்வோர் உண்டு. ஆனால், பல வேளைகளில் குறை கருவியில் இல்லை. அது வைக்கப்பட்டிருக்கும் அறையில் உள்ளது.

கூர்மையான ஒலி

ஒரு பொருள் ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதிர்வெண் என்கிறோம். அதன் அலகு ஹெர்ட்ஸ். இளம் வயதினரின் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். தவிலின் இடப்பக்க முழக்கம் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. தாளத்தின் ‘கிண்’ என்னும் ஓசை உயர்ந்த அதிர்வெண் கொண்டது. எல்லா ஒலிகளையும் நம் காது ஒரே அளவில் உணர்வதில்லை. சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை அது மிக எளிதில் உணர்கிறது. ஆகவே, அப்பகுதியில் ஒலி சற்று மிகுந்தாலும் நமக்குப் பெரும் உறுத்தலாகத் தோன்றுகிறது.

சுவர்கள் செய்யும் வேலை

அறையில் நாம் கேட்கும் ஒலி இரண்டு வழிகளில் வருகிறது. ஒரு பகுதி ஒலிபெருக்கியிலிருந்து நேராக வருகிறது. மற்றொரு பகுதி சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பி வருகிறது. எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமெனில், சுவர் ஏறத்தாழ 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். வரவேற்பறை அவ்வளவு பெரிதன்று. எனவே, திரும்பி வரும் ஒலி தனியாகக் கேட்பதில்லை. அது நேர் ஒலியுடன் கலந்து, அதன் தன்மையையே மாற்றிவிடுகிறது.

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளைப் பாருங்கள். வெப்பத்திற்கு ஏற்ப ஓடு பதித்த தரை, சிமெண்டுச் சுவர், பெரிய கண்ணாடிச் சன்னல் என எல்லாம் கடினமான பரப்புகளே. இவை உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை அதிகம் குறைக்காமல் திருப்பி அனுப்புகின்றன. துணி, பஞ்சு, கம்பளம் போன்றவை அப்படி அல்ல. ஒலி அவற்றின் இழைகளுக்கிடையே நுழையும்போது உராய்வு ஏற்பட்டு, ஒலியின் ஆற்றல் சிறிதளவு வெப்பமாக மாறிவிடுகிறது.

மெத்தைகள் தந்த விடை

இவ்வுண்மையை அளந்து காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895ஆம் ஆண்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லின் ஒலி அடங்க ஐந்து வினாடிகளுக்கும் மேலானது. அதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து கலந்துவிட்டன. காரணத்தைக் கண்டறியும் பணி சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகளைக் கூட்டக் கூட்ட, அந்நேரம் குறைந்துகொண்டே வந்தது. இந்த ஆய்வின் பயனாக, 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவருடைய கணக்கீடுகளின் துணையுடன் அமைந்தது. சிங்கப்பூர் எஸ்பிளனேட் இசையரங்கிலும், தேவைக்கேற்ப இறக்கக்கூடிய திரைகள் ஒலியைக் கட்டுப்படுத்துகின்றன.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில், அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு ‘கிர்ர்’ என்ற ஒலி சற்று நேரம் நீடித்தால், அறையில் மென்மையான பொருள்கள் போதவில்லை என்று பொருள்.

அடுத்து, செலவில்லாத வழியைச் செய்து பாருங்கள். உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் ஒலிபெருக்கியின் முன்பக்கமாகவே கூர்ந்து செல்லும். ஒலிபெருக்கிகள் நேராக உங்கள் காதை நோக்கியிருந்தால், அவற்றைச் சற்றே திருப்பி வையுங்கள்.

பின்னர், தரையில் கம்பளம் விரிக்கலாம். சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை இடலாம். பக்கச் சுவரில் எந்த இடத்தை மறைப்பது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் அமருங்கள். மற்றொருவர் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடியை நகர்த்திச் செல்லட்டும். கண்ணாடியில் ஒலிபெருக்கி தெரியும் இடமே ஒலி பட்டுத் திரும்பும் இடம். அங்கே தடித்த துணியைத் தொங்கவிடலாம். புத்தக அலமாரியையும் வைக்கலாம். இவற்றுக்குப் பிறகும் கூர்மை குறையாவிட்டால், கருவியில் உள்ள ‘டிரெபிள்’ குமிழைச் சிறிது குறைக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதே பாடலை அதே ஒலி அளவில் மீண்டும் கேளுங்கள். அப்போதுதான் எந்த மாற்றம் பயன் தந்தது என்பது தெரியும். அளவுக்கு மிஞ்சித் துணிகளால் மூடினால் இசை உயிரற்று மழுங்கிவிடும். மெல்லிய துணி உயர்ந்த ஒலிகளை மட்டுமே ஈர்க்கும் என்பதால், தாழ்ந்த ஒலிகள் மட்டும் மிஞ்சி நிற்கும்.

அறையைச் சீர்செய்வதால் மற்றொரு நன்மையும் உண்டு. பாடல் வரிகள் தெளிவாகக் கேட்காதபோது நாம் ஒலியைக் கூட்டுகிறோம். அதனால் கூர்மையும் கூடுகிறது; செவிக்கும் கேடு விளைகிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்குமேல் கேட்பது பாதுகாப்பன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வரிகள் தெளிவாகக் கேட்கும் அறையில் குறைந்த ஒலியே போதும். புதிய கருவியை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இழந்த செவித்திறனை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.