கணிப்பொறியின் கடிகாரத்தைத் திருத்தினால் ஆட்டம் வேகமாகுமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணிப்பொறி இல்லாத வீடு இன்று குறைவு. பகலில் பள்ளிப் பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் உதவுகிற அதே பொறி, இரவில் பிள்ளைகளுக்கு விளையாட்டரங்கம் ஆகிவிடுகிறது. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். மாதச் சம்பளக்காரர் இல்லத்தில் அது எளிதில் கைகூடுவதன்று. ஆகவே, செலவின்றி வேகத்தைக் கூட்டலாம் என்று எவர் சொன்னாலும் இளைஞர் செவிசாய்க்கின்றனர். அவ்வாறு அவர்களிடையே பரவியுள்ள உபாயங்களுள் ஒன்று, பொறியினுள் இருக்கும் டைமரை, அதாவது கடிகாரத்தை, மாற்றியமைப்பது. அதனைச் செய்து தருவதாகக் கட்டணம் பெறுவோரும் தோன்றிவிட்டனர். அலுவலகத்தில் நாளெல்லாம் கணிப்பொறியோடு பழகுகிறவன் என்பதால், கொடுக்கும் காசுக்கு இது தகுமா என்று அன்பர் சிலர் என்னிடம் வினவினர். அதற்கு விடையாக இதனை எழுதுகிறேன்.

கணிப்பொறியில் இருப்பது ஒரு கடிகாரம் அன்று, பல உண்டு. 1981-இல் வந்த ஐ.பி.எம். பொறியிலேயே, வினாடிக்குச் சுமார் 11 லட்சத்து 93 ஆயிரம் முறை துடிக்கும் டைமர் ஒன்று இருந்தது. மின்சாரம் நின்றாலும் நாளும் நேரமும் காக்கும் மற்றொன்று வினாடிக்கு 32,768 முறை அசைகிறது. 1993-இல் வெளிவந்த பென்டியத்தில் பிராசசருக்குள்ளேயே ஓர் எண்ணி அமைந்தது. அதன் பெயர் டி.எஸ்.சி. பின்னர் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்தது எச்.பி.இ.டி.; வினாடிக்கு ஒரு கோடி முறைக்குக் குறையாமல் துடிப்பது. ‘உயர் நுட்பக் கடிகாரம்’ என்று பொருள்படும் அதன் பெயரே பலரை மயக்கிவிட்டது. உயர்ந்த நுட்பமுடையதைப் பயன்படுத்தினால் உயர்ந்த வேகம் கிட்டும் என்று எண்ணிவிட்டனர்.

ஒரு ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். நிலைய அதிகாரி தம் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்கலாம். அல்லது ஒவ்வொரு முறையும் எதிர்ப் பிளாட்பாரத்துக்கு நடந்து சென்று அங்குத் தொங்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து வந்தும் குறிக்கலாம். இரண்டும் சரியான நேரமே காட்டும். கடிகாரத்தை மாற்றியதனால் எஞ்சினுக்கு ஒரு குதிரைத் திறன்கூட ஏறாது. நடக்கும் நேரந்தான் வீணாகும். டி.எஸ்.சி. மணிக்கட்டுக் கடிகாரம், எச்.பி.இ.டி. எதிர்ப் பிளாட்பாரக் கடிகாரம். முன்னதைப் பார்ப்பது மைக்ரோவினாடியின் மிகச் சிறு பின்னத்தில் முடியும். பின்னதற்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோவினாடி ஆகும். வினாடிக்கு 144 படங்கள் காட்டும் ஆட்டத்தில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 6.94 மில்லிவினாடி. ஒரு படத்துக்குள் ஆட்டம் இருபது முறை மணி பார்த்தால், எதிர்ப் பிளாட்பார நடை எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆயிரம் முறை பார்க்கும் ஆட்டம் எனக் கொள்வோம். ஒரு மில்லிவினாடி, அதாவது அவகாசத்தில் ஏழில் ஒரு பங்கு, மணி பார்ப்பதிலேயே கழிந்துவிடும்.

அப்படியாயின் இவ்வுபாயம் எங்கிருந்து பிறந்தது? முற்றிலும் பொய்யில் பிறந்ததன்று என்பதே வியப்பு. 2005-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆத்லான் 64 எக்ஸ்2 என்னும் இரட்டை உள்ளகப் பிராசசர் வந்தபோது, இரண்டு உள்ளகங்களின் எண்ணிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு கணம் முன்னும் ஒரு கணம் பின்னுமாக நேரம் தாவவே, ஆட்டங்கள் தடுமாறின. அன்று வெளிக் கடிகாரத்தை நாடியது நியாயமான பரிகாரம். ஏறத்தாழ 2008 முதல் வந்த பிராசசர்களில் எண்ணி ஒரே சீராக ஓடும்படி செய்யப்பட்டுவிட்டது. நோய் நீங்கிற்று, மருந்துச் சீட்டு மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

2013-இல் இன்னொன்றும் நிகழ்ந்தது. விண்டோஸ் 8 ஓடிக்கொண்டிருக்கையிலேயே பிராசசரின் அடிப்படைத் துடிப்பை மாற்றினால் பொறியின் நேரக்கணக்கு பிசகுவது தெரியவந்தது. வேகப் போட்டிகளின் சாதனைகளைப் பதிவு செய்யும் எச்.டபிள்யூ.பாட் என்னும் அமைப்பு, அவ்வகைச் சாதனைகளை ஏற்பதை நிறுத்தியது. கடிகாரம் மெதுவாக ஓடினால் ஓட்டக்காரன் வேகமானவனாகத்தானே தோன்றுவான்! அதன் பின் போட்டியாளர் பலர் எச்.பி.இ.டி.யை நாடினர். ஆனால் அது வேகத்துக்காக அன்று, அளவை பிசகாதிருப்பதற்காக. இந்த வேறுபாட்டைக் கேட்டவர்கள் மறந்துவிட்டனர்.

தெளிவான சான்று 2018 ஏப்ரலில் கிடைத்தது. கணிப்பொறிகளைச் சோதித்து எழுதுவதில் பெயர்பெற்றிருந்த அனந்த்டெக் (2024-இல் நின்றுபோயிற்று) ஏ.எம்.டி.யின் இரண்டாம் தலைமுறை ரைசனை இன்டெல் பிராசசர்களோடு ஒப்பிட்டு எழுதியது. அதன் எண்கள் பிறர் எண்களோடு ஒத்துவரவில்லை. ஆராய்ந்தபோது, சோதனைப் பொறிகளில் எச்.பி.இ.டி.யைக் கட்டாயமாக்கியிருந்ததே காரணம் எனத் தெரிந்தது. விண்டோஸ் தானே தேர்ந்துகொள்ளும்படி விட்டவுடன், இன்டெல் பொறிகளில் சில ஆட்டங்களின் வேகம் வெகுவாக உயர்ந்தது; ஏ.எம்.டி. பொறிகளில் மாற்றம் சிறிதே. அவர்கள் அதனை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. நம் பிள்ளைகள் வேகத்துக்காகச் செய்வது, அங்கே வேகத்தைக் குறைத்த அதே காரியந்தான்.

இரண்டாவது உபாயம் ஒன்றுண்டு. விண்டோஸ் இயல்பாக 15.625 மில்லிவினாடிக்கு ஒரு முறை விழித்துப் பார்க்கிறது. அதனை அரை மில்லிவினாடியாகக் குறைக்கும் சிறு நிரல்கள் உலவுகின்றன. இதில் ஓரளவு உண்மை உண்டு. படங்களைச் சீராக வெளியிடச் சிறிது உறங்கி எழும் ஆட்டம், உரிய நேரத்தில் எழுப்பப்படாவிடில் தள்ளாடும். ஆனால் ஆட்டங்கள் பெரும்பாலும் தமக்கு வேண்டிய ஒரு மில்லிவினாடியைத் தாமே கேட்டுப் பெறுகின்றன. மேலும், 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 எண் பதிப்பு முதல், ஒரு நிரல் கேட்டுப் பெற்றது கேளாத வேறு நிரலுக்குப் பயன்படுவதில்லை. பின்னணியில் ஓடும் அச்சிறு நிரல் பெறுவது பெரும்பாலும் தனக்கே. மடிக்கணிப்பொறியாயின் பாட்டரி விரைவில் தீரும் என்பதே கண்ட பலன்.

“எனக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிகிறதே, மாமா” என்று என் வீட்டுக்கு வந்த மாணவன் ஒருவன் வாதிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. மாற்றியவுடன் பொறியை அணைத்துத் துவக்குகிறோம், பின்னணியில் இருந்தவை நீங்குகின்றன, மனமும் வேகத்தை எதிர்பார்த்திருக்கிறது. உண்மை அறிய வேண்டுவோர் பிரசென்ட்மான் என்னும் இலவச நிரலால் அளக்கலாம். ஒரே ஆட்டத்தின் ஒரே பகுதியை, மாற்றுமுன் மூன்று முறையும் மாற்றியபின் மூன்று முறையும் ஆடி, சராசரியோடு மிக மந்தமான நூற்றில் ஒரு பங்குப் படங்களின் கணக்கையும் ஒப்பிடவேண்டும். இரு வேளையும் பொறியைப் புதிதாகத் துவக்கியிருப்பது அவசியம்.

பெற்றோர் கவனிக்கவேண்டியது வேறு. இத்திருத்தங்கள் பெரும்பாலும் ‘பாட்ச்’ கோப்புகளாக வருகின்றன. நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்கின்றனர். கடிகாரத்தைத் தொடும் கோப்பே பாதுகாப்பு அரணையும் அணைத்துவிடக் கூடும். ஊருக்குப் பணம் அனுப்புவதும் வங்கிக் கணக்கும் அதே பொறியில் இருக்கும் வீடுகளில் இது சிறு செய்தியன்று. நிர்வாகி அதிகாரத்தில் கட்டளைப் பலகையைத் திறந்து பிசிடிஎடிட் என்று தட்டிப் பாருங்கள். வரும் பட்டியலில் யூஸ்பிளாட்ஃபார்ம்கிளாக், யூஸ்பிளாட்ஃபார்ம்டிக், டிஸேபிள்டைனமிக்டிக் என்ற வரிகள் இருந்தால் எவரோ கைவைத்திருக்கின்றனர். டெலிட்வேல்யூ என்னும் கட்டளையால் அவ்வரிகளை நீக்கி, பொறியை மறுபடி துவக்கினால் இயல்புநிலை திரும்பும். பிளாட்ஃபார்ம் கிளாக்கைக் கட்டாயமாக்கும் அமைப்பு பிழை தேடுவோருக்கு மட்டுமே உரியது என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது.

செலவின்றி ஏதேனும் செய்தே ஆகவேண்டும் என்பவர், விசிறியில் படிந்த தூசியைத் துடைக்கலாம். மின்னிணைப்போடு ஆடலாம். திரையின் அமைப்பையும் ஒரு முறை பார்த்துவிடுவது நலம். 144 ஹெர்ட்ஸ் திரையைக் காசு கொடுத்து வாங்கி, விண்டோஸில் அதனை 60-லேயே விட்டுவைத்திருக்கும் வீடுகள் நம் குடியிருப்பிலேயே இரண்டு உண்டு.