பள்ளியில் ஒரு கூட்டுறவுக் கடை

நாட்டு நலப்பணித் திட்ட மாணவன் என்ற முறையில், பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு கூட்டுறவுப் பண்டகசாலை அமைக்கும் வழியை இங்கே கூற விழைகிறேன். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் காட்டிய வழிதான். 1904-இல் நம் திருவல்லிக்கேணியிலும் வேரூன்றியது. ஆளுக்குச் சிறு பங்குத்தொகை, ஒரே வாக்கு. மொத்த விலைக்கு நோட்டு வாங்கிக் கடைவிலைக்கு விற்று, இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட வேண்டும்.

சிக்கல் கடனில்தான். ராச்டேலார் ரொக்கத்துக்கே விற்றனர். ஆனால் காசில்லாத பிள்ளைக்குத்தானே இக்கடை முதலில் வேண்டும்! கடன் கொடுத்தால் முதல் கரையும். மறுத்தால் கடை எதற்கு? மாதந்தோறும் இலாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதிலிருந்து நோட்டு வழங்கலாம் என்பது என் கருத்து. யாருக்கு என்பதை மாணவர் குழுவே, பெயரை வெளியிடாமல், முடிவு செய்யட்டும். சாவி ஆசிரியரிடம் இருந்தால் அது ஆசிரியர் கடையாகிவிடும். கணக்கையும் பிள்ளைகளே எழுதட்டும். தப்பாகக் கூட்டினால் மறுநாள் கையிருப்பே காட்டிக்கொடுத்துவிடும்.